கடைசி வாய்த் தண்ணி

(முதியோரின் கடைசிக் காலம் குறித்த கருத்தரங்கு ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சு நடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



முதுமையும் சாவும் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். நமக்குச் சாவைப் பற்றிப் பேசுவது புதிதில்லை. சொல்லப்போனால் நம்ம மேடைகளில் அதைத்தான் அதிகம் பேசியிருக்கிறோம். 1968 வெண்மணி, 1997 மேலவளவு என்று ஆரம்பித்தால் பட்டியல் நீண்டுகொண்டே போகும். வெட்டிக் கொன்றது, எரித்துக் கொன்றது, மலக்குழியில் இறக்கிக் கொன்றது எல்லாவற்றுக்கும் தீர்மானம் போட்டிருக்கிறோம். ஆனால் தொண்ணூறு வயசு வரைக்கும் கூலி வேலை செய்து, உடம்பு தேய்ந்து, பாயில் கிடந்து செத்துப்போன ஒரு ஆயாவுக்காக நாம் ஒரு தீர்மானமும் போட்டதில்லை. கேட்டால் 'அது இயற்கைச் சாவு' என்கிறோம். இயற்கை என்று சொல்லிவிட்டால் அதில் அரசியல் கிடையாது என்று ஆகிவிடுகிறது. அந்த 'இயற்கை' என்கிற வார்த்தையைத்தான் இன்றைக்குக் கொஞ்சம் கிளறிப் பார்க்கலாம் என்று வந்திருக்கிறேன்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சாதி நம்மை எங்கே வைத்தது? ஊரில் ஒரு உயிர் போனால் முதலில் வேலை தொடங்குவது சேரியில்தான். இழவு சொல்லப் போனவன் நம்ம ஆள். பறை அடித்தவன், பாடைக்கு மூங்கில் வெட்டியவன், குழி வெட்டியவன், ராத்திரி முழுக்கச் சுடுகாட்டில் நின்று வேக வைத்தவன் எல்லாம் நம்ம ஆள். ஊருக்கெல்லாம் சாவு வேலை செய்தோம். நம்ம சாவு எப்படி நடக்கிறது என்று நாமே பார்க்கவில்லை. அந்த வேலைகளை மறுத்துப் போராடினோம், அது சரி. மறுத்ததற்கு அப்புறம் பேச வேண்டிய பேச்சு ஒன்று பாக்கி இருக்கிறது.

நான் எங்க ஆயாவைப் பற்றித்தான் பேசப் போகிறேன். புத்தகத்தில் படித்ததை விட அந்த ஆறு மாதத்தில் தெரிந்துகொண்டது அதிகம். அதில் என்னுடைய தவறும் ஒன்று இருக்கிறது. அதையும் சொல்கிறேன்.

ஆயாவுக்கு என்ன வயசு என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. "காந்தியச் சுட்டாங்கன்னு தண்டோரா போட்டப்ப ரெண்டாவது புள்ள இடுப்புல இருந்துச்சு" என்று சொல்லும். கணக்குப் போட்டால் 2022ல் தொண்ணூற்று ஐந்துக்குக் குறையாது. ஆதார் அட்டையில் 74. முதியோர் உதவித்தொகையாக அப்போது மாதம் 1,000 ரூபாய் வந்தது. அதில் மத்திய அரசின் பங்கு எண்பது வயசுக்குக் கீழே என்றால் 200, எண்பதைத் தாண்டினால் 500. ஆக, ஆயா எண்பதைத் தாண்டவே இல்லை என்றுதான் தில்லியின் கணக்கில் இருந்தது. ரேஷன் கடையில் கைரேகை வைத்தால் மிஷின் ஏற்காது. எண்பது வருஷம் நாத்து நட்டு, களை பிடுங்கி, சாணி அள்ளின விரலில் ரேகை எங்கே இருக்கும்?

அந்த வருஷம் மாசி மாதத்தில், விடிகாலையில் வெளிக்குப் போனபோது வாய்க்கால் கரையில் வழுக்கி விழுந்துவிட்டது. இடுப்பு எலும்பு முறிந்துபோச்சு. எங்க தெருவில் கக்கூஸ் கட்டிக் கொடுத்தார்கள், தண்ணீர் கொடுக்கவில்லை. அதனால் அதில் விறகு அடுக்கி வைத்திருந்தோம். 'வயசானா விழத்தான் செய்வாங்க' என்று எல்லோரும் சொன்னார்கள். அந்த வயசில் அந்த இருட்டில் அந்தக் கரைக்குப் போக வைத்தது எது என்று யாரும் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லவில்லை, எல்லா இடத்திலும் நடப்பதுதான். ரெண்டு நாள் வராந்தாவில் வைத்திருந்துவிட்டு, "வயசாயிடுச்சு, ஆபரேஷன் தாங்காது, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார்கள். ஆபரேஷன் தாங்காது என்பது உண்மையாகவே இருக்கலாம், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் ஆபரேஷன் இல்லை என்றால் வைத்தியமே இல்லை என்று அர்த்தமா? வலிக்கு ஒரு வழி சொல்லவில்லை. எப்படித் திருப்பிப் படுக்க வைப்பது என்று காட்டவில்லை. பத்து காய்ச்சல் மாத்திரையைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள்.

அதற்கப்புறம் ஒரு மாதம் எங்க வீட்டில் யாரும் தூங்கவில்லை. அசைத்தால் அலறும். ஒன்றுக்குப் போனால் துணி மாற்ற வேண்டும், துணி மாற்ற அசைக்க வேண்டும், அசைத்தால் வலி. அதனால் ஆயா தண்ணி குடிப்பதையே விட்டது. குடித்தால்தானே ஒன்றுக்கு வரும்? வாயைத் திறந்தால் ஒரே வார்த்தை: "போய்ச் சேந்தா போதும்டா."

இந்த வார்த்தையை நம்ம வீட்டு முதியவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். நாமும் தலையாட்டுகிறோம், 'பாவம், அவங்களே கேக்கறாங்க' என்கிறோம். 2010ல் விருதுநகர்ப் பக்கம் தலைக்கூத்தல் பற்றிப் பத்திரிகைகளில் வெளிவந்தது ஞாபகம் இருக்கும். எண்ணெய் தேய்த்துத் தலைக்கு ஊற்றி, இளநீர் கொடுத்து, முதியவர்களை அனுப்பி வைக்கிற வழக்கம். அப்போதும் 'அவங்களே விரும்பினாங்க' என்று சொன்னவர்கள் உண்டு. வலிக்கு மருந்து இல்லாத இடத்தில், பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத இடத்தில், மருமகளின் கூலி போகிறதே என்று கிழவி மனசுக்குள் கணக்குப் போடுகிற இடத்தில் 'விருப்பம்' என்று எதைச் சொல்வது?

இதை நான் எப்படித் தெரிந்துகொண்டேன் என்றால், ஒரு நர்ஸ் வந்தார். தமிழ்நாட்டு அரசு 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தைத் தொடங்கியது. பிரஷர், சர்க்கரை மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிற திட்டம் என்றுதான் பலருக்குத் தெரியும். படுக்கையில் கிடப்பவர்களுக்கு வீட்டிலேயே வலி நிவாரணச் சிகிச்சை தருவதும், உடற்பயிற்சி தருவதும் அதில் உண்டு. எங்க தெருவுக்கு அந்த வண்டி ஒரு மாதம் கழித்து வந்தது. ஊர்த்தெருவில் நின்றுவிட்டுத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. எங்க அம்மா போய் வழிமறித்துத்தான் உள்ளே அழைத்து வந்தது.

அந்த நர்ஸ் அக்கா ஆயாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். தோழர்களே, அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள், தரையில் உட்கார்ந்தார். உட்கார்ந்து, "எங்க வலிக்குது பாட்டி?" என்று கேட்டார். ஆஸ்பத்திரியில் ரெண்டு நாளும் ஆயாவிடம் யாரும் நேராக ஒரு கேள்வி கேட்கவில்லை. எல்லாக் கேள்வியும் என்னிடம்தான் வந்தது.

அப்புறம் மாவட்டத் தலைமை மருத்துவமனையில் இருந்த வலி நிவாரணப் பிரிவுக்கு எழுதிக் கொடுத்தார். அங்கேதான் மார்ஃபின் மாத்திரை கிடைத்தது. 'ஐயோ, அது போதை ஆச்சே, பழகிடுமே' என்று பங்காளிகள் பயந்தார்கள். டாக்டர் அளவு பார்த்து, கடுமையான வலிக்குக் கொடுக்கிறபோது அந்தப் பயம் தேவையில்லை. மலச்சிக்கல் வரும், அதற்குக் கூடவே மருந்து தர வேண்டும். வயசானவர்களுக்குக் குறைந்த அளவில் தொடங்க வேண்டும். இதெல்லாம் தெரிந்தால் போதும்.

இதன் அரசியலைப் பாருங்கள். இந்தியா மருந்துக்காக அபின் விளைவிக்கிற நாடு. மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் அரசாங்க உரிமத்தோடு பயிராகிறது. இங்கே விளைந்த அபின் வெளிநாட்டுக்காரர்களின் வலியைத் தீர்க்கக் கப்பல் ஏறியிருக்கிறது. 1985ல் வந்த போதைப்பொருள் சட்டத்தில் ஏகப்பட்ட கெடுபிடி இருந்தது. ஒரு மாத்திரைக்கு நாலு உரிமம் வாங்க வேண்டும் என்கிற நிலையில் ஆஸ்பத்திரிகள் அதை வைப்பதையே விட்டுவிட்டன. 2014ல் சட்டத்தைத் திருத்தினார்கள். அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனம் அந்த ஒரு அங்கீகாரத்தை வைத்தே வாங்கலாம் என்று ஆச்சு. சட்டம் மாறியும் மருந்து சேரிக்கு வந்து சேரவில்லை. விலை அதிகம் என்பதால் இல்லை, மிக மலிவான மருந்து அது. சேரியில் ஒரு கிழவி வலியில் கத்துவது யாருக்கும் அவசரமாகத் தெரியவில்லை.

மார்ஃபின் தொடங்கி நாலாம் நாள் ஆயா கேட்டது: "நெத்திலிக் கருவாடு இருக்கா?" போய்ச் சேர்ந்தால் போதும் என்று ஒரு மாதம் சொன்ன அதே வாய். அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அது சாவைக் கேட்டிருக்கவில்லை, வலி நிற்கணும் என்றுதான் கேட்டிருக்கிறது.

நர்ஸ் அக்கா கற்றுக்கொடுத்ததை இங்கே சொல்கிறேன், மாணவத் தோழர்கள் குறித்துக்கொள்ளுங்கள். ரெண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வைத்தால் படுக்கைப் புண் பெரும்பாலும் வராது. முதுகையும் இடுப்பையும் ஈரமில்லாமல் வைக்க வேண்டும். சிவந்த இடத்தைத் தேய்க்கக் கூடாது. கடைசி நாட்களில் பசியும் தாகமும் தானாகக் குறையும், அது உடம்பு மூடுகிற விதம். 'சாப்பிடாம கெடக்குதே' என்று வாயைப் பிளந்து கஞ்சி ஊற்றினால் மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். கை கால் சில்லிடும். தொண்டையில் களகளவென்று சத்தம் வரும். அது பார்க்கிற நமக்குத்தான் பயம், கிடக்கிறவருக்கு அவ்வளவு துன்பம் இல்லை என்றார். கடைசி வரைக்கும் காது கேட்கலாம், அதனால் தலைமாட்டில் நின்று சொத்துச் சண்டை போடாதீர்கள் என்றும் சொன்னார்.

"வீட்டில்தான் சாகணும்" என்பது முதியவர்களின் விருப்பம் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். ஆயாவும் அதைத்தான் கேட்டது. ஆனால் வீடு என்று எதைச் சொல்கிறோம்? எங்களுடையது ஒழுகுகிற தொகுப்பு வீடு, ஒரே அறை. அதில் ஆயா, அப்பா, அம்மா, நான், படிக்கிற தங்கச்சி. அந்த ஒரே அறையில்தான் சமையல், மலத்துணி மாற்றுவது, பரிட்சைக்குப் படிப்பது எல்லாம். பார்த்துக்கொண்டது யார்? அம்மா. நான் கூட்டத்துக்குப் போவேன், வருவேன். அம்மா ஆறு மாதம் கூலிக்குப் போகவில்லை. நூறு நாள் வேலைக்கு அந்த வருஷம் ஒரு நாளைக்கு 281 ரூபாய் என்று அரசாங்கம் சொன்னது. கையில் வந்தது அதற்கும் குறைவு, அதுவும் போச்சு. மாமியாரின் கடைசிக் காலத்துக்கு மருமகள் தன் கூலியைக் கொடுத்தாள். இதை நம் அறிக்கைகளில் 'குடும்பப் பராமரிப்பு' என்று ஒரு வரியில் எழுதிவிட்டுப் போகிறோம்.

இனிமேல் சொல்லப்போவதுதான் எனக்குக் கஷ்டமானது.

எங்க ஊரில் ஒரு பெரிய வீடு. ஆயா அங்கே அறுபது வருஷம் பண்ணை வேலை செய்தது. 1998ல் எங்க தெரு கூடித் தீர்மானம் போட்டது. இனி அந்த வாசலுக்கு இழவு சொல்லவோ, பறை அடிக்கவோ, குழி வெட்டவோ யாரும் போவதில்லை என்று. அதற்காக அடி வாங்கினோம், வழக்கு வாங்கினோம். நான் அப்போது பள்ளிக்கூடப் பையன். அந்தத் தீர்மானத்தில்தான் என் அரசியல் தொடங்குகிறது.

ஆடி மாதத்தில் ஒருநாள் ஆயா கூப்பிட்டது. "பெரிய வூட்டுச் சின்னவர ஒரு எட்டு வரச் சொல்லுடா. ஒரு வார்த்த சொல்லணும்."

எனக்குச் சுருக்கென்றது. "எதுக்கு ஆயா?"

"சொல்லணும்டா."

"அவன் வாசல்ல போயி நான் நிக்க மாட்டேன். சாவப்போற நேரத்திலயும் உனக்குப் பெரிய வூடுதானா?" என்றேன்.

ஆயா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டது. ரெண்டு நாள் கழித்து மறுபடியும் கேட்டது. நான் அடிமைப் புத்தி அது இது என்று கொஞ்சம் பேசினேன். மூணாவது தடவை கேட்கவில்லை.

ஆறு நாளில் இறந்தது. நர்ஸ் அக்கா சொல்லியிருந்தார், "பால் ஊத்தறேன்னு ஊத்தாதீங்க, துணிய நனைச்சு உதட்ட நனைங்க" என்று. நான்தான் நனைத்தேன்.

காரியம் முடிந்த ராத்திரி அம்மாவிடம் கேட்டேன், கிழவி அவனிடம் என்ன சொல்ல நினைத்தது என்று. அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. பெரிய வீட்டுக் கிழவி படுக்கையில் விழுந்து ஒரு வருஷத்துக்கு மேல் கிடந்தாள். மலம் நாறுகிறது என்று மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்து அறையில் போட்டுவிட்டார்கள். மருமகள்கள் யாரும் கிட்டே போகவில்லை. எங்க ஆயாதான் பின்வாசல் வழியாகப் போய் மலம், மூத்திரம் அள்ளியது, உடம்பு துடைத்தது. அதற்குத் தீட்டு இல்லை. ஆனால் அந்த அறையில் இருந்த தண்ணீர்ச் சொம்பைத் தொடக்கூடாது. ஒருநாள் மத்தியானம் கிழவி "தண்ணி, தண்ணி" என்று கேட்டிருக்கிறாள். ஆயா வெளியே ஓடிக் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறது. எல்லோரும் சாப்பிட்டுப் படுத்திருந்தார்கள். சொம்பு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. ஆயா தொடவில்லை. ஆள் வருவதற்குள் கிழவி செத்துப்போனாள்.

"அந்தப் பொம்பளைக்கு ஒரு வாய் தண்ணி குடுக்காம வுட்டுட்டனே" என்று ஆயா அம்மாவிடம் பல தடவை சொல்லியிருக்கிறது. அதை அந்தப் பெண்ணின் மகனிடம் சொல்லிவிட்டுச் சாக வேண்டும் என்று நினைத்திருக்கிறது.

தோழர்களே, 1927ல் மகாத்தில் அம்பேத்கர் குளத்தில் இறங்கித் தண்ணீர் அள்ளியதை வருஷா வருஷம் பேசுகிறோம். நாம் குடிக்கிற உரிமையைப் பற்றிப் பேசினோம். நம் கையால் கொடுக்க முடியாமல் போன தண்ணியைப் பற்றிப் பேசவே இல்லை. சாதி தன் தாயையே தாகத்தில் சாகவிடும். அந்தப் பழியையும் எங்க ஆயாவின் நெஞ்சில் ஏற்றி வைக்கும். குற்றம் செய்தவன் நிம்மதியாகத் தூங்குவான், எங்க ஆயா நாற்பது வருஷம் அதைச் சுமக்கும்.

லண்டனில் 1967ல் சிசிலி சாண்டர்ஸ் என்கிற அம்மையார் சாகிறவர்களுக்காக ஒரு மருத்துவமனை தொடங்கினார். அவர் முன்பு நர்சாக இருந்தவர், அப்புறம் டாக்டர் ஆனவர். வலி என்பது உடம்போடு நிற்பதில்லை, மனசும் சமூகமும் ஆன்மாவும் சேர்ந்ததுதான் முழு வலி என்று சொன்னார். சமூக வலி என்று அவர் சொன்ன இடத்தில் நமக்குச் சாதி இருக்கிறது. உடம்பு வலிக்கு மார்ஃபின் வாங்கிக் கொடுத்தேன். இந்த வலிக்கு ஆயா தானே மருந்து சொன்னது. நான் கொடுக்கவில்லை.

1998 தீர்மானம் தவறு என்று நான் சொல்ல வரவில்லை. அது சரி, இன்றைக்கும் சரி. இழவு சொல்வது வேறு, ஆயா கேட்டது வேறு. நான் கேட்டிருக்க வேண்டியது "ஏன்?" என்கிற ஒரு கேள்வி. 'எதுக்கு' என்று கேட்டேனே, அது கேள்வி இல்லை, அதட்டல். நான் போய் அந்த வாசலில் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. "உங்க அம்மா எப்படிச் செத்தாங்கன்னு எங்க ஆயாவுக்குத் தெரியும், வந்து கேட்டுட்டுப் போ" என்று நிமிர்ந்து சொல்லியிருக்கலாம். அவன் வந்திருப்பானா, தெரியாது. வந்து எங்க வீட்டுத் தரையில் உட்கார்ந்து கேட்டிருந்தால் அதுவும் ஒரு போராட்டம்தானே?

செத்ததற்கு அப்புறமும் விருப்பம் முடிவதில்லை. 2016 ஜனவரியில் அப்போதைய நாகை மாவட்டம் திருநாள்கொண்டச்சேரியில் நூறு வயசுப் பெரியவர் ஒருவர் இறந்தார். பொதுப்பாதையில் கொண்டுபோக உயர்நீதிமன்றம் உத்தரவு போட்டது. உத்தரவு கையில் இருந்தும் போலீஸ் உடலை எடுத்துக்கொண்டுபோய் வேறு வழியில் அடக்கம் செய்தது. 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி பக்கம் நாராயணபுரத்தில் பாதையை மறித்ததால் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டி உடலை இறக்கினார்கள். நூறு வயசு வாழ்ந்தவருக்குக் கடைசியாகத் தெரு வழியாகப் போகணும் என்று ஆசை இருக்காதா? 'கடைசிக் காலப் பராமரிப்பு' என்று கருத்தரங்குகளில் பேசுகிறவர்கள் சுடுகாட்டுப் பாதையையும் அதில் சேர்க்க வேண்டும்.

என்ன செய்யலாம்? கேரளத்தைப் பாருங்கள். 1993ல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் சின்னதாக ஒரு வலி நிவாரணச் சங்கம் தொடங்கினார்கள். பத்து வருஷத்துக்குள் அது மலப்புரம் போன்ற மாவட்டங்களில் அக்கம்பக்கத்து ஆட்களே பயிற்சி எடுத்து வீடு வீடாகப் போகிற இயக்கமாக வளர்ந்தது. 2008ல் மாநில அரசு அதற்கென்று தனிக் கொள்கையே அறிவித்தது. நாமும் செய்யலாம். ஆனால் 'அக்கம்பக்கம்' என்பது நம்ம ஊரில் என்ன? ஊர்த்தெருத் தொண்டர் சேரிக்குள் வந்து மலத்துணி மாற்றுவாரா? சேரித் தொண்டர் ஊர்த்தெருவில் முன்வாசல் வழியாக உள்ளே போய்த் தண்ணி கொடுக்க முடியுமா? இந்த ரெண்டு கேள்வியையும் முதல் நாளே கேட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

கேட்க வேண்டியவை இருக்கின்றன. படுக்கையில் கிடப்பவர் வீட்டுக்கு வண்டி வரவேண்டும், சேரிக்குள் வரவேண்டும். வட்டார மருத்துவமனையிலேயே மார்ஃபின் கிடைக்க வேண்டும். பார்த்துக்கொள்கிற பெண்ணுக்குக் கூலி வேண்டும். கக்கூசுக்குத் தண்ணீர் வேண்டும். 2018 மார்ச்சில் உச்சநீதிமன்றம் கௌரவமாகச் சாகிறதும் வாழும் உரிமையில் சேர்ந்ததே என்று சொன்னது. மீள வழியில்லாத நிலையில் எனக்கு மிஷின் வைக்காதே என்று முன்கூட்டியே எழுதி வைக்கலாம். 2023ல் அந்த முறையை எளிதாக்கி, ரெண்டு சாட்சியோடு நோட்டரி முன்னிலையில் எழுதினால் போதும் என்றார்கள். நல்லதுதான். ஆனால் மிஷின் வேண்டாம் என்று சொல்கிற உரிமை, மிஷின் கிடைக்கிறவர்களுக்குத்தான் முதலில் பயன்படும். நம்மவர்களுக்கு வேண்டாம் என்று சொல்வதற்கு முன்னால் வேண்டும் என்று சொல்லவே வழி இல்லை. ரெண்டுக்கும் சேர்த்துத்தான் போராட வேண்டும்.

கடைசியாக ஒன்று. இன்று ராத்திரி எல்லோரும் ஊருக்கு பஸ் ஏறுவீர்கள். உங்க தெருவில் ரொம்ப வயசானவர் யார் என்று பாருங்கள். பக்கத்தில் தரையில் உட்காருங்கள். எங்கே வலிக்குது, யார் பக்கத்தில் இருக்கணும், என்ன சாப்பிடணும், யாரிடம் என்ன சொல்லணும் என்று கேளுங்கள். வருகிற பதில் சில சமயம் நம்ம தீர்மானத்துக்கு ஒத்துவராததாக இருக்கும். அப்போதும் எழுந்து போகாமல், ஏன் என்று மெதுவாகக் கேளுங்கள். நான் கேட்காமல் விட்டேன்.